ரோத்தானும் தன்முனைப்பு முகாமும்

பட்டர்வொர்த் பக்கம் இடைநிலைப்பள்ளிப் பையன் ஒருவன் அடிதடியில் பிடிபட்டால் பெரியவர்கள் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று ரோத்தான், அதாவது பிரம்படி. மற்றது தன்முனைப்பு முகாம். முதலாவதைக் கட்டொழுங்கு ஆசிரியர் எடுப்பார். இரண்டாவதைக் கோவில் நிர்வாகமோ இளைஞர் மன்றமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ ஏற்பாடு செய்யும். வீட்டில் கண்டிப்பு இல்லாததால் பையன் கெட்டான் என்பது ரோத்தானின் வாதம். தன்மீதே மதிப்பில்லாததால் கெட்டான் என்பது முகாமின் வாதம்.

இரண்டையும் வெறும் ஊர்ப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது. குடும்பம், சுயமதிப்பு, பதின்ம வயதின் மூர்க்கம் ஆகிய மூன்றுக்கும் என்ன தொடர்பு என்று உளவியலாளர்கள் அறுபது ஆண்டாக வாதாடி வருகிறார்கள். அந்த வாதத்தை மாக் மண்டினில் நின்று படித்தால் எனக்குப் புலப்படுவது இது: பையனின் சுயமதிப்பு எவ்வளவு என்பது பெரிய விஷயமில்லை, அது யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம். அதை முதலில் கையில் வைத்திருப்பது குடும்பம். குடும்பம் நழுவவிட்டால் தெரு ஏந்திக்கொள்ளும்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். பினாங்கு என்றதும் வெளியூர்க்காரர்கள் ஜார்ஜ் டவுனைத்தான் நினைப்பார்கள். மாக் மண்டின் கடலுக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில், பட்டர்வொர்த்தை ஒட்டி இருக்கிறது. தீவில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் 1972-இல் வருவதற்கு முன்பே இங்கே தொழிற்பேட்டை வந்துவிட்டது. பக்கத்தில் பிறை, அங்கேயும் ஆலைகள், அப்புறம் துறைமுகம். செபராங் பிறையின் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் வீட்டுமனைகளாகவும் ஆனபோது, அங்கிருந்து கிளம்பிய தமிழ்க் குடும்பங்களில் பல இந்த ஆலைகளையும் லாரிகளையும் நம்பி வந்தவை. தமிழ்ப்பள்ளி இருக்கிறது, மாரியம்மன் கோவில் இருக்கிறது, மலிவுவிலை அடுக்குமாடிகள் இருக்கின்றன.

தோட்டத்து லயத்தில் வறுமை இருந்தது, கள்ளுக்கடை இருந்தது, கங்காணியின் வசவும் இருந்தது. அதைப் பொற்காலமாக்கிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒன்று உண்மை. அம்மா பால்மரம் வெட்டப் போனபோது பிள்ளையைப் பார்க்க ஆயாக் கொட்டகையும் அண்டைவீட்டுக் கிழவியும் இருந்தார்கள். அடுக்குமாடியில் கதவைச் சாத்தினால் சாத்தியதுதான்.

சுயமதிப்பின் கதையை முதலில் பார்ப்போம். மோரிஸ் ரோசன்பெர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், நியூயார்க் மாநில உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் ஐயாயிரம் பேரை ஆராய்ந்து 1965-இல் நூலாக்கினார். அதில் அவர் அமைத்த பத்து வரிக் கேள்வித்தாள் இன்றுவரை உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. மலேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் ஆய்வேட்டுக்காகப் பள்ளிக்கூடம் ஏறும்போது கையில் இருப்பது பெரும்பாலும் இந்தப் பத்து வரியின் மலாய் வடிவமும், ஆர்னால்ட் பஸ், மார்க் பெர்ரி இருவரும் 1992-இல் வெளியிட்ட 29 வரி மூர்க்க அளவுகோலும்தான். ஒரே வகுப்பில், ஒரே நாளில், ஒரே பையன் இரண்டையும் நிரப்புகிறான். சுயமதிப்பு குறைந்தவன் மூர்க்கத்தில் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறான் என்று கணக்கு வருகிறது. ஆய்வேடு முடிந்தது. மதிப்புக் குறைந்ததால் அடித்தானா, அடித்து எல்லாரிடமும் திட்டு வாங்கியதால் மதிப்புக் குறைந்ததா என்று ஒரே நாளில் நிரப்பிய தாள் ஒருபோதும் சொல்லாது.

அந்தச் சந்தேகத்துக்குக் காத்திராமல் அரசியல் முந்திக்கொண்டது. கலிஃபோர்னியாவில் ஜான் வாஸ்கான்செலோஸ் என்ற சட்டமன்ற உறுப்பினரின் முயற்சியால் 1986-இல் சுயமதிப்பை வளர்ப்பதற்கென்றே அரசுக்குழு ஒன்று அமைந்தது. குற்றம், போதை, வன்முறை எல்லாவற்றுக்கும் சுயமதிப்பு தடுப்பூசியாகும் என்ற நம்பிக்கையில் 1990-இல் அதன் அறிக்கை வந்தது. உலகெங்கும் பள்ளிச் சுவர்களில் ‘நீ தனித்துவமானவன்’ என்ற சுவரொட்டி ஏறியது அந்தக் காலத்துக் காற்றில்தான். நம் முகாம்களில் பேச்சாளர் ஒலிவாங்கியைப் பிடித்து ‘என்னால் முடியும்’ என்று மும்முறை சொல்ல வைப்பதும் அதே காற்றுதான்.

1996-இல் ராய் பௌமைஸ்டரும் இரண்டு துணை ஆய்வாளர்களும் இதைத் தலைகீழாகப் போட்டார்கள். அடிக்கிறவர்களைப் பாருங்கள், அவர்கள் தங்களைத் தாழ்வாக நினைக்கிறவர்களா, மிக உயர்வாக நினைத்து அதற்கு யாரோ இழுக்கு வைத்துவிட்டதாகக் கொதிக்கிறவர்களா என்று கேட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து அவரும் பிராட் புஷ்மனும் ஒரு சோதனை செய்தார்கள். மாணவரை ஒரு கட்டுரை எழுத வைத்து, அது படுமோசம் என்று குறிப்பெழுதிக் கொடுத்தார்கள். பிறகு, குறிப்பெழுதியவர்மீது காதைப் பிளக்கும் சத்தத்தை ஏவும் வாய்ப்பைத் தந்தார்கள். அதிகம் ஏவியவர்கள் தற்பெருமை மிகுந்தவர்கள். சாதாரணச் சுயமதிப்பு கூடியவருக்கும் குறைந்தவருக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை.

பதிலடி 2005-இல் வந்தது. பிரெண்ட் டோனலன் தலைமையில் ஒரு குழு, நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 73-இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வை எடுத்துப் பார்த்தது. 11 வயதில் சுயமதிப்பு குறைந்திருந்த பிள்ளை 13 வயதில் அடிதடிக்குப் போவது கூடுதல் என்று கண்டது. ஆக, பழைய நம்பிக்கை பிழைத்தது போலத் தோன்றியது. இரண்டே ஆண்டில் அதே நாட்டின் இன்னொரு நகரமான கிரைஸ்ட்சர்ச்சில், 1977-இல் பிறந்த 1,265 பிள்ளைகளைத் தொடர்ந்த ஆய்வை வைத்து ஜோசப் போடனும் உடன் ஆய்ந்தவர்களும் வேறொன்று சொன்னார்கள். பதின்ம வயதில் சுயமதிப்பு குறைந்தவர்கள் பிற்காலத்தில் வன்செயலில் ஈடுபடுவது கூடுதல்தான், ஆனால் அவர்கள் வளர்ந்த குடும்பச் சூழலைக் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு பெரும்பாலும் கரைந்துபோகிறது.

இந்த முழு விவாதத்திலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது தொடர்பு இப்படிக் கரைந்துபோவதுதான். தாழ்ந்த சுயமதிப்பும் மூர்க்கமும் ஒரே வீட்டில் வளர்ந்தவை, அதனால்தான் இரண்டையும் சேர்ந்தே பார்க்கிறோம். சுயமதிப்பு என்பதே நம்மைப் பிறர் எவ்வளவு ஏற்கிறார்கள் என்று காட்டும் உள்மனத்து அளவுமானி என மார்க் லியரி 1990களில் விளக்கினார். மோட்டார் சைக்கிளில் எண்ணெய் தீர்ந்தபோது முள்ளை விரலால் மேலே தள்ளி வைப்பதுபோலத்தான் இருக்கிறது ‘என்னால் முடியும்’ என்று மும்முறை கத்த வைப்பது.

இன்னும் ஒரு ஆய்வு, இவ்வளவு புகழ் பெறாதது. மைக்கேல் கெர்னிஸ் 1989-இல் சுயமதிப்பு எவ்வளவு என்பதோடு, நாளுக்கு நாள் அது எவ்வளவு ஆடுகிறது என்பதையும் சேர்த்து அளந்தார். கோபமும் பகையும் மிக அதிகமாக இருந்தது உயர்ந்த, ஆனால் ஆடுகிற சுயமதிப்பு உள்ளவர்களிடம். மிகக் குறைவாக இருந்தது உயர்ந்த, ஆடாத மதிப்பு உள்ளவர்களிடம். பௌமைஸ்டரும் டோனலனும் எதிரெதிரே நின்று சண்டையிட்ட இடத்தில், இருவரும் பார்த்த பையன் ஒருவேளை ஒருவனே. காலையில் ராஜா, மாலையில் நாய். அவன் மதிப்பு அவனிடம் இல்லை, எதிரே வருகிறவன் கண்ணில் இருக்கிறது.

பட்டர்வொர்த்தில் பையன்கள் மோதிக்கொள்வது எதற்கு என்று விசாரித்துப் பாருங்கள். காசுக்காக, காதலுக்காக என்று வரும் பதில்கள் குறைவு. ‘என்னைப் பார்த்து முறைச்சான், சார்.’ ‘என்னா பாக்குறன்னு கேட்டேன், நீ என்னா பாக்குறன்னான்.’ ‘ரெஸ்பெக்ட் இல்லாம பேசினான்.’ படிவம் 2, படிவம் 3 பையன்களின் சண்டையில் பாதி இந்தப் பார்வையிலிருந்துதான் கிளம்புகிறது. மற்றவனுடைய முகத்தில் இல்லாத பகையைப் படித்துவிடும் இந்தப் பழக்கத்தைக் கென்னத் டாட்ஜ் 1980-இலிருந்து ஆராய்ந்து வந்தார். யாரோ தெரியாமல் இடித்துவிட்டால் மூர்க்கமான பிள்ளைகள் வேண்டுமென்றே இடித்தான் என்று எடுத்துக்கொள்வது கூடுதல். சிறுவயதில் வீட்டில் கடுமையாக அடிவாங்கிய பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் அதிகம் என்றும் அவர் குழு பின்னால் கண்டது. எந்த நேரமும் அறை விழலாம் என்ற வீட்டில் வளர்கிறவன் முகங்களைக் கூர்ந்து படிக்கக் கற்றுக்கொள்கிறான். அந்தத் திறமை வீட்டில் அவனைக் காப்பாற்றுகிறது, பள்ளி உணவகத்தில் மாட்டிவிடுகிறது.

இந்த ஆட்டங்காணும் மதிப்புக்கு விலை கொடுத்து வாங்க ஆள் தயாராக இருக்கிறது. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, உறுப்பினர் என்று சொல்லப்பட்ட நாற்பதாயிரம் பேரில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள். நாட்டு மக்கள்தொகையில் நாம் நூற்றுக்கு ஏழு. கும்பல் முதலில் பணம் தருவதில்லை. ஓர் எண்ணைத் தருகிறது, சாவு ஊர்வலத்தில் வரிசையில் நிற்க இடம் தருகிறது, ‘தம்பி’ என்று தோளில் கை போடும் அண்ணன் ஒருவரைத் தருகிறது. அந்த அண்ணன் பையனைப் பார்த்து நீ எத்தனை ‘ஏ’ வாங்கினாய் என்று கேட்பதில்லை. வீட்டில் அந்தக் கேள்வியை மட்டுமே கேட்டுப் பழகியவனுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நாம் மட்டாகவே எடைபோடுகிறோம்.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 இறுதியில் வந்த ‘ஜகாட்’ படம் இந்த ஆய்வுகள் எதையும் மேற்கோள் காட்டாமல் இதையே சொல்கிறது. தோட்டத்தை விட்டு வந்து புறம்போக்குக் குடியிருப்பில் ஒதுங்கிய குடும்பம், 12 வயதுப் பையன். அப்பா படி படி என்று அடிக்கிறார். அவர் கெட்டவரில்லை, பயந்தவர். பள்ளியில் பையனின் கற்பனைக்கு ஏச்சுதான் கிடைக்கிறது. அடியாளாகிய சித்தப்பாவிடம் மட்டும் அவனுக்கு ஒரு கம்பீரம் தெரிகிறது. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாக அது தேர்வானபோது நாம் பெருமைப்பட்டோம், கைதட்டினோம். பையனை அங்கே தள்ளியதில் அப்பாவின் அன்புக்கும் பங்குண்டு என்பதைப் பற்றி அவ்வளவு பேசவில்லை.

இனி குடும்பம். ‘சிதைந்த குடும்பம்’ என்ற சொல்லைப் பத்திரிகைகள் மிக எளிதாகப் போடுகின்றன. அப்பா இல்லாத வீடு, அம்மா தனியே வளர்க்கும் வீடு என்றதும் காரணம் கிடைத்துவிட்ட மாதிரி எழுதிவிடுகிறார்கள். ஆய்வுகள் இந்த அளவுக்குத் துணை நிற்பதில்லை. வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட அவர்களுக்குள் என்ன நடக்கிறது என்பதே மூர்க்கத்தை முன்கூட்டிச் சொல்கிறது. அப்பா அம்மா இருவரும் இருந்து, ராத்திரிக்கு ராத்திரி தட்டு பறக்கும் வீட்டைவிட, அம்மா மட்டும் உள்ள அமைதியான வீடு பிள்ளைக்கு நல்லது. தனித்து வாழும் தாய்களின் தலையில் ஊர் ஏற்றும் பழி நியாயமற்றது.

வறுமையும் நேராகப் பிள்ளையைத் தொடுவதில்லை. அமெரிக்கப் பெருமந்தத்தில் வளர்ந்த ஓக்லண்டு நகரப் பிள்ளைகளைப் பற்றிக் கிளென் எல்டர் 1974-இல் எழுதினார். பிறகு அயோவா மாநில விவசாயக் குடும்பங்களை ராண்ட் காங்கர் ஆராய்ந்தார். அவர்கள் வரைந்த பாதை இப்படிப் போகிறது: பணம் முடை, அப்பா அம்மாவுக்கு மன இறுக்கம், இருவருக்குள் சண்டை, பிள்ளையிடம் எரிச்சல், பிறகு பிள்ளையின் கோளாறு. இந்தச் சங்கிலியில் எங்காவது ஒரு கண்ணி அறுந்தால் ஏழைவீட்டுப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆவதில்லை. ஆயிரமாயிரம் வீடுகளில் ஆவதில்லை என்பதை நாமே பார்க்கிறோம்.

மாக் மண்டினில் அந்தச் சங்கிலியின் நீளத்தைக் கடிகாரத்தில் அளக்கலாம். மலேசியாவில் சட்டப்படி வேலைநேரம் வாரத்துக்கு 45 மணி. 2023 ஜனவரி வரை 48 ஆக இருந்தது. அதன்மேல் மாதத்துக்கு 104 மணி வரை ஓவர்டைம் பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. அடிப்படைச் சம்பளம் போதாததால் ஆட்கள் ஓவர்டைமைக் கேட்டே வாங்குகிறார்கள். முழுசாகப் பார்த்தால் வாரத்துக்கு எழுபது மணியை நெருங்கும். அப்பா இரவு ஷிப்டு முடிந்து காலையில் வருவார், பிள்ளை பள்ளிக்குக் கிளம்பியிருக்கும். அம்மா பகல் ஷிப்டு, கம்பெனி பஸ் விடியுமுன் வாசலில் நிற்கும். பிள்ளை வரும்போது அப்பா தூங்கிக்கொண்டிருப்பார், சத்தம் போடக்கூடாது. 650 சதுர அடி, மூன்று சின்ன அறை, ஆறேழு பேர். பதினைந்து வயதுப் பையனுக்கு உட்கார இடம் கீழே, மோட்டார் சைக்கிள்கள் நிற்குமிடம்தான். அந்த வீடுகளில் ‘கீழே போறேன்’ என்பது ஒரு நாளில் அதிகம் கேட்கும் வாக்கியம்.

‘எங்கடா போன?’

‘கீழ.’

‘யாரோட?’

‘பிரண்டோட.’

‘எந்தப் பிரண்டு?’

‘உங்களுக்குத் தெரியாதுப்பா.’

இந்த உரையாடலை எத்தனை வீட்டில் கேட்டிருப்போம். பெற்றோர் கண்காணிப்பு குறைந்தால் பிள்ளை கெடும் என்று வெகுகாலம் எழுதி வந்தார்கள். 2000-இல் ஹாக்கன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் இருவரும் ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில் கேள்வியைச் சற்றுத் திருப்பினார்கள். பெற்றோருக்குப் பிள்ளையின் நடமாட்டம் தெரிகிறது என்றால் அது எப்படித் தெரிந்தது? விசாரித்தா, கட்டுப்படுத்தியா? பெரும்பாலும் பிள்ளையே வந்து சொன்னதால் தெரிந்தது. ஆகவே கண்காணிப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, பிள்ளைக்குச் சொல்லத் தோன்றுகிறதா என்பதுதான். சொன்னதற்கு அறை விழுந்தால் அடுத்த முறை சொல்லாது. ‘உங்களுக்குத் தெரியாதுப்பா’ என்ற பதிலில் பொய்யே இல்லை.

ஓரிகனில் ஜெரால்ட் பேட்டர்சன் பல ஆண்டு வீடுகளுக்குள் ஆள் அனுப்பி உட்கார்ந்து குறிப்பெடுக்க வைத்தவர். அவர் 1982-இல் விவரித்த கட்டாயச் சுழல் நமக்கு அந்நியமில்லை. அம்மா கைப்பேசியை வை என்கிறாள். பிள்ளை கத்துகிறது. அம்மாவுக்கு அசதி, போய்த் தொலை என்று விடுகிறாள். கத்தினால் காரியம் ஆகும் என்று பிள்ளை கற்றது. விட்டால் அமைதி கிடைக்கும் என்று அம்மாவும் கற்றாள். இன்னொரு நாள் அம்மா பொறுமையிழந்து இரண்டு மடங்கு கத்தி அடிக்கிறாள், பிள்ளை அடங்குகிறது. யார் அதிகம் மூர்க்கமோ அவர் ஜெயிப்பார் என்ற பாடம் இருவருக்கும் முடிந்தது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு முடித்து வந்தவரிடம் சீரான கண்டிப்பை எதிர்பார்ப்பது கடினம். நம் வீடுகளில் கண்டிப்பு குறைவில்லை. ஒரு நாள் பார்த்தும் பார்க்காமல், மறுநாள் பெல்ட் எடுத்து என்று அது ஒழுங்கில்லாமல் இருக்கிறது.

அடியாத மாடு படியாது என்று நியாயம் பேசுகிறவர்களுக்கு 2016-இல் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ கிரோகன்-கெய்லர் இருவரும் ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். பல நாடுகளில் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துச் சொச்சம் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், சாதாரண அடிகூட மூர்க்கத்தைக் குறைக்கவில்லை, கூடுதல் மூர்க்கத்தோடும் தாழ்ந்த சுயமதிப்போடும் சேர்ந்தே வந்தது. எல்லாரும் அடிக்கிற ஊரில் அடி உறைக்காது என்று ஒரு வாதம் உண்டு. ஜெனிபர் லான்ஸ்ஃபோர்டு குழு 2005-இல் இந்தியா, சீனா, தாய்லாந்து, கென்யா, பிலிப்பீன்ஸ், இத்தாலி ஆகிய ஆறு நாடுகளில் பார்த்தபோது அதில் பாதி உண்மை இருந்தது. அடி வழக்கமான ஊரில் அதன் கெடுதல் சற்றுக் குறைவு, ஆனால் கெடுதல் இல்லாமல் போகவில்லை. பள்ளி ரோத்தானும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. 1959-ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகள் தலைமையாசிரியருக்கோ அவர் அதிகாரம் தந்தவருக்கோதான் அந்த உரிமையைத் தருகின்றன, அதுவும் ஆண்பிள்ளைகளுக்கு மட்டும். விதி அளவாகத்தான் இருக்கிறது. ஆனால் சபையில் எல்லார் முன்னும் அடி வாங்கியவன் அன்று மாலை கீழே இறங்கும்போது யாரிடம் மரியாதை தேடுவான் என்பது விதியில் இல்லை.

அடியைவிட நம் வீடுகளில் தாராளமாகப் புழங்குவது ஒப்பீடு. ‘மாமா மகனைப் பாரு.’ ‘உனக்குச் சோறு போடறதே தண்டம்.’ எதிர்ப்பக்கத்தில், ஒற்றை மகனை ராஜாவாக வளர்த்து அவன் செய்ததெல்லாம் சரி என்று பள்ளிக்கு வந்து ஆசிரியரோடு மல்லுக்கட்டும் வீடுகளும் உண்டு. எடி புருமெல்மன் குழு 2015-இல் நெதர்லாந்தில் 7 முதல் 11 வயது வரையான 565 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்துச் சொன்னது இரண்டுக்கும் பொருந்தும். உன்னைவிடச் சிறந்தவன் இல்லை என்று பெற்றோர் ஏற்றிவிட்ட பிள்ளைகளிடம் தற்பெருமை வளர்ந்தது, சுயமதிப்பு வளரவில்லை. சுயமதிப்பு வளர்ந்தது பெற்றோரின் பாசம் தெரிந்த பிள்ளைகளிடம். திட்டும் வீட்டிலும் தூக்கிவைக்கும் வீட்டிலும் பிள்ளையின் மதிப்பு இன்னொரு பிள்ளையை அளவாக வைத்தே நிற்கிறது.

இதன்மேல் பள்ளி மாற்றம் வந்து விழுகிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு. ஆசிரியர்களுக்குப் பையனைத் தெரியும், அவன் அக்காவைத் தெரியும், பாட்டியைக்கூடத் தெரியும். ஆறாம் ஆண்டுத் தேர்வுக்கு முன் பெற்றோரை நாற்காலியில் அமர்த்திப் பிள்ளைகள் பாதபூசை செய்த காட்சிகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்த யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் எடுக்கப்பட்டுவிட்டது. பதின்மூன்றாம் வயதில் பையன் மலாய்மொழி இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். மலாய்மொழியில் தேறாதவர்களுக்கான புதுமுக வகுப்பில் விழுந்தால், கூடப் படித்தவன் படிவம் 1-க்குப் போக, இவன் ஓராண்டு பின்தங்குகிறான். பிறகு தரவாரியாகப் பிரித்த கடைசி வகுப்பு. ஆறு ஆண்டு பெயர் சொல்லி அழைக்கப்பட்டவன் திடீரென்று வகுப்பு எண்ணால் அறியப்படுகிறான். சுயமதிப்பு பொதுவாகவே பதின்ம வயதின் தொடக்கத்தில் ஆட்டம் காணும். நம் பையன்களுக்கு அந்த வயதிலேயே மொழியும் மாறுகிறது, வகுப்பில் இடமும் இறங்குகிறது. இந்த ஓராண்டைப் பற்றி நாம் எழுதியிருக்கும் ஆய்வுகள் தமிழ்ப்பள்ளிக் கட்டடங்களைப் பற்றி எழுதியவற்றில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது என்பது என் ஊகம்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நிக்கி கிரிக் 1995-இல் காட்டியதுபோல, ஒதுக்கிவைப்பது, வதந்தி கட்டுவது, நட்பைப் பறிப்பது ஆகியவையும் மூர்க்கம்தான். இப்போது அது வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கிறது. ஆனால் பெண்பிள்ளையின் கோபம் வெளியே வருவதைவிட உள்ளே திரும்புவது அதிகம். 2022-இன் தேசிய சுகாதார ஆய்வில் பள்ளிப்பிள்ளைகளில் நாலில் ஒருவருக்குமேல் மனச்சோர்வின் அறிகுறி இருந்தது. யாரையும் அடிக்காததால் அந்தப் பிள்ளைகளை எந்த முகாமுக்கும் கூப்பிடுவதில்லை.

2017 ஜூனில் பினாங்குத் தீவில் 18 வயது இளைஞர் ஒருவர் தாக்கப்பட்டு, சில நாளில் பினாங்கு மருத்துவமனையில் இறந்தார். குற்றம் சாட்டப்பட்டவர்களில் பதினெட்டு நிரம்பாதவர்களும் இருந்தார்கள். இறந்தவர் ஆண்மை போதாதவர் என்று பள்ளிக்காலம் தொட்டே கேலி செய்யப்பட்டவர் எனச் செய்திகள் சொல்லின. அதையொட்டிப் பகடிவதைக்கு எதிராக நாடு முழுக்க எழுந்த குரல் நியாயமானது. ஆனால் கடும் தண்டனை என்ற ஒற்றை வரியிலேயே பெரும்பாலான கூட்டங்கள் முடிந்தன. ஒருவன் மென்மையாக இருப்பது இன்னொருவனுக்கு ஏன் அவமானமாகப்படுகிறது? ஆண்பிள்ளை அழக்கூடாது என்று மூன்று வயதிலிருந்து சொல்லி வளர்த்த வீடுகளை அந்தக் கூட்டங்களில் யாரும் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பயமுறுத்தலும் வேண்டாம். டெர்ரி மோஃபிட் 1993-இல் பிரித்துக் காட்டினார்: பதின்ம வயதில் தப்புத்தண்டா செய்கிறவர்களில் பெரும்பாலோர் அந்த வயதோடு நிறுத்திக்கொள்வார்கள், சிறுவயதிலேயே தொடங்கி வாழ்நாள் முழுக்கத் தொடர்கிறவர்கள் ஒரு சிறு பிரிவு. ஒரு சண்டைக்குப் பள்ளியை விட்டு விலக்கி, ரௌடி என்று பெயர் சூட்டி அனுப்பினால், தானாக நின்றிருக்கக்கூடியவனைத் தொடர்கிறவர்களோடு கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.

நம்மவர்கள் எதுவுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. டாக்டர் மு. தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் வாராவாரம் பிள்ளைகளைக் கூட்டி வைத்தது. அதன் வெற்றி மேடைப்பேச்சைவிட அந்த வாராவாரத்தில் இருப்பதாகவே நினைக்கிறேன். வழக்கறிஞர் சி. பசுபதியின் மைஸ்கில்ஸ் அறவாரியம், பள்ளியை விட்டு விழுந்த பிள்ளைகளைக் களும்பாங்கில் தங்கவைத்துக் கைத்தொழில் கற்றுத் தருகிறது. தான் சுட்ட ரொட்டி நன்றாக வந்ததா இல்லையா என்பதில் அங்கே கிடைக்கும் மதிப்பு, யாரும் முறைப்பதால் இறங்கிவிடாது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் சம்சு என்ற மலிவுச் சாராயத்துக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் போராடியதையும் இளையோர் வன்முறைத் தடுப்புக் கணக்கில்தான் நான் எழுதுவேன். குடித்துவிட்டு வரும் அப்பா ஒருவர் குறைந்தால் அந்த வீட்டில் எல்லாச் சங்கிலியும் தளரும்.

முகாம்களுக்கு வருகிறேன். மண்டபத்தில் விளக்கை அணைத்து, சோகப் பாட்டுப் போட்டு, ‘உன் அம்மா உனக்காக எத்தனை நாள் பட்டினி கிடந்தாள்’ என்று பேச்சாளர் தழுதழுக்க, முந்நூறு பிள்ளைகள் ஏங்கி அழுவதைப் பார்த்திருக்கிறேன். அழுகை உண்மையானது. ஆனால் ஏற்கெனவே குற்ற உணர்வில் இருக்கும் பிள்ளையின்மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றுவதால் அதன் மதிப்பு எப்படி நிலைப்படும் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவோ அப்பாவோ அந்த மண்டபத்தில் இல்லை. திங்கட்கிழமை அதே ஷிப்டு, அதே ஹால், அதே கீழ்த்தளம்.

பெற்றோரை உட்கார வைத்துச் செய்தால் என்ன ஆகிறது என்பதற்குத் தென்னாப்பிரிக்கா ஒரு நல்ல சான்று. கிழக்குக் கேப் மாநிலத்தின் ஏழைப் பகுதிகள் நாற்பதில், பதின்ம வயதுப் பிள்ளையும் பெரியவரும் உள்ள 552 குடும்பங்களை வைத்து லூசி க்ளூவர் குழு நடத்திய சோதனை 2018-இல் வெளிவந்தது. பதினான்கு வாரக் கூட்டம். உள்ளூர்ச் சாதாரண ஆட்களே நடத்தினார்கள். அடியும் வசவும் குறைந்தன, பிள்ளையோடு பெற்றோரின் ஈடுபாடு கூடியது, பெரியவர்களின் மன இறுக்கமும் தணிந்தது. கவனிக்க வேண்டியது, அந்தப் பதினான்கில் வீட்டு வரவுசெலவையும் சேமிப்பையும் குடும்பமாக உட்கார்ந்து திட்டமிடும் அமர்வும் இருந்தது.

மாக் மண்டினில் அப்படி ஒன்று தொடங்குவதென்றால் பெரிய கட்டடம் வேண்டாம். கோவில் மண்டபம் இருக்கிறது, முகாமுக்குச் செலவழிக்கும் பணம் இருக்கிறது. ஷிப்டு மாறும் நாளைப் பார்த்து நேரம் வைக்க வேண்டும், வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். அழைப்பிதழில் என்ன அச்சடிக்கிறோம் என்பதும் முக்கியம். ‘பிள்ளை வளர்ப்பது எப்படி’ என்று போட்டால் அம்மாக்கள் மட்டும் வருவார்கள். மோட்டார் சைக்கிள் தவணையையும் ஆலோங் என்ற கந்துவட்டிக்காரரின் கடனையும் எப்படி அடைப்பது என்று போட்டால் அப்பாக்களும் வருவார்கள்.